அழகிப் போட்டியிலிருந்து டிவி மைக்குக்கு: மும்பைத் தமிழ்ப் பெண்களுக்கு

செம்பூர், மாட்டுங்கா, தாராவி, முலுண்ட் பக்கம் வளர்ந்த பெண் யாராவது அழகிப் போட்டிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று சொன்னால், ஜெயிக்காவிட்டால் என்ன செய்வதாக உத்தேசம் என்றுதான் முதலில் கேட்பேன். உற்சாகத்தைக் கெடுக்க இல்லை. கிரீடம் ஒருத்திக்குத்தான், ஆனால் அதே பயிற்சியை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறவர்கள் பல பேர், அதில் நின்று நிலைப்பவர்கள் பெரும்பாலும் மைக் பிடித்துப் பேசத் தெரிந்தவர்கள்தான். ரம்யா சுப்ரமணியன் மிஸ் சென்னை போட்டியில் கலந்துகொண்டவர், விஜய் டிவியில் தொகுப்பாளராகப் பெயர் வாங்கிய பிறகுதான் ‘ஓ காதல் கண்மணி’, ‘மாஸ்டர்’ எல்லாம் வந்தன. ரஞ்சினி ஹரிதாஸ் 2000இல் மிஸ் கேரளா பட்டம் வென்றார், ஆனால் மலையாளிகளின் வீட்டுக்குள் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஏசியாநெட்டின் பாட்டுப் போட்டி மேடை. அதனால் நடிப்பு பிறகு வரட்டும், முதலில் பேச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போட்டியிலேயே பேச்சுக்குத்தான் கடைசி மதிப்பெண். 1994 மிஸ் இந்தியாவில் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் சமமாக நின்றபோது ஒரு கூடுதல் கேள்விதான் முடிவு செய்தது. இதற்குத் தயாராவது சுலபம், தினமும் செய்ய வேண்டும், அவ்வளவுதான். காலையில் பேப்பரில் ஒரு செய்தியை எடுங்கள், அதைப் பற்றி உங்கள் அபிப்பிராயத்தை 30 விநாடி பேசி போனில் பதிவு செய்யுங்கள், உடனே போட்டுக் கேளுங்கள். முதல் வாக்கியத்திலேயே பதில் வந்துவிட்டதா, இல்லை நன்றி வணக்கம் என்று சுற்றிக்கொண்டிருக்கிறீர்களா என்று அப்போதே தெரிந்துவிடும். விதிமுறைகளை ஒவ்வொரு வருடமும் புதிதாகப் படியுங்கள். மிஸ் யுனிவர்ஸ் 2023இல் கல்யாணமானவர்களையும் அம்மாக்களையும் அனுமதித்தது, 2024இல் வயது உச்சவரம்பை எடுத்துவிட்டது. அக்கா சொன்னாள், தோழி சொன்னாள் என்று பழைய விதியை நம்பி ஒதுங்கிவிடாதீர்கள்.

போட்டி நடத்துபவர்கள் ஒப்பந்தம் நீட்டுவார்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். எத்தனை மாதம் கட்டுப்பாடு, வெளியே நிகழ்ச்சி செய்தால் எத்தனை சதவீதம் கமிஷன், டிவி வாய்ப்பு வந்தால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்த வருடம் புது முகம் வந்துவிடும், உங்கள் பெயர் சூடாக இருக்கிற காலம் குறைவு, அந்த நேரத்தில் கை கட்டப்பட்டுக் கிடக்கக் கூடாது.

இப்போது முக்கியமான விஷயம். மும்பையில் வளர்ந்த நம் பெண்களுக்கு ஹிந்தி, மராத்தி, இங்கிலீஷ், தமிழ் நான்கும் வாயில் வரும், இது பெரிய சொத்து. ஆனால் தமிழை வீட்டில் பேசியே பழகியதால் பலருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். பேச வேண்டிய வரிகளைத் திரையில் ஓட்டிக் காட்டும் டெலிப்ராம்ப்டர் உங்களுக்காக மெதுவாக ஓடாது. சினிமாவில் சமாளிக்கலாம், ஐஸ்வர்யா ராய் ‘இருவர்’ படத்தில் அறிமுகமானபோது அவருக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். நேரலைத் தொகுப்பாளருக்கு அந்த வசதி கிடையாது, உங்கள் நாக்குதான். தினமும் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு பக்கம் சத்தமாகப் படியுங்கள், ழ, ள, ல மூன்றும் தனித்தனியாகக் கேட்கும்வரை.

அப்புறம் காதுக்குப் பயிற்சி. நிகழ்ச்சி நடக்கும்போது கண்ட்ரோல் ரூமில் இருந்து இயக்குநர் உங்கள் காதில் பேசிக்கொண்டே இருப்பார், விருந்தினரை நிறுத்து, பிரேக் போகணும், பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணுவார், நீங்கள் எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்தபடி வாக்கியத்தைப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். வீட்டில் ஒரு காதில் இயர்போன் மாட்டி ரேடியோ செய்தியை ஓட விட்டு, கண்ணாடி முன் நின்று இன்றைக்குச் சமையல் என்ன என்று நிறுத்தாமல் இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். முதல் நாள் குழறும். குழறட்டும், விடாதீர்கள்.

மேடைக்கு எங்கே போவது என்றால், தமிழ்ச் சங்க விழா, பொங்கல் விழா, கல்லூரி விழா, கம்பெனி நிகழ்ச்சி, எது கிடைத்தாலும் தொகுத்து வழங்குங்கள். மைக் வேலை செய்யாது, தலைமை விருந்தினர் தாமதமாக வருவார், அந்த இடைவெளியை நிரப்புவதுதான் தொழில். எல்லாவற்றையும் படம் பிடித்து, நன்றாக வந்த இடங்களை மட்டும் சேர்த்து வாய்ப்புக் கேட்கும்போது காட்ட இரண்டு நிமிட வீடியோ, அதாவது ஷோரீல், செய்யுங்கள். ஹிந்தி விளம்பரங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கும் வேலையும் இதே ஊரில்தான் நிறைய நடக்கிறது, வருமானத்துக்கும் உச்சரிப்புக்கும் நல்லது.

நடிப்பு ஆடிஷனுக்கு வர்சோவா ஆராம் நகர்தான். செம்பூர்க்காரர்கள் காட்கோபர் போய் மெட்ரோ பிடித்தால் வர்சோவா கடைசி ஸ்டேஷன், அங்கிருந்து ஆட்டோ. கேமரா முன்னால் பெயர், வயது, உயரம், ஊர் சொல்லி, இடப்பக்கம் வலப்பக்கம் திரும்பிக் காட்டி, கையையும் காட்டச் சொல்வார்கள், அதற்குப் பெயர் இன்ட்ரோ. போட்டி மேடைச் சிரிப்பையும் நிற்கிற தோரணையையும் அங்கே கொண்டுபோகாதீர்கள், பாத்திரம் கேட்கும் இடத்தில் அழகி வந்து நிற்பது உடனே தெரியும். ‘நாட் ஃபிட்’ என்று அனுப்பினால் அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

ஆடிஷனுக்கு, போர்ட்ஃபோலியோ என்கிற புகைப்படத் தொகுப்புக்கு, பதிவுக் கட்டணம் என்று யார் பணம் கேட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள், நடிகர்களைத் தேர்வு செய்யும் ஒழுங்கான காஸ்டிங் டைரக்டர் நடிக்க வருபவரிடம் காசு வாங்குவதில்லை. ஹோட்டல் அறையில் சந்திப்பு என்றால் போகவே வேண்டாம். வேலை கிடைத்தாலும் சீரியல் சம்பளம் 90 நாள் கழித்து வருவது இங்கே சகஜம், அதனால் கையில் மூன்று நான்கு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு இறங்குங்கள், மேடைத் தொகுப்பு வேலையை நிறுத்தாதீர்கள். அந்தேரியில் இருக்கும் சின்டா நடிகர் சங்கத்தில் உறுப்பினராகிவிடுங்கள், சம்பளம் இழுத்தடித்தால் புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கும். ஒவ்வொரு நாள் கால்ஷீட்டுக்கும் எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அந்தப் புகாருக்கு அதுதான் கைகொடுக்கும்.