வைஃபை எந்த வீட்டிலிருந்து வருகிறது? டப்பா ஆன்டெனாவால் தேடுங்கள்

பெங்களூரு அல்சூர் குடியிருப்பில் ஊர்பேர் தெரியாத வைஃபை ஏதாவது எங்கள் வைஃபை ஓடும் சேனல் 6-இல் (2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் ஒரு பகுதி) புகுந்தால், நான் எடுப்பது இந்த டப்பாவைத்தான். 8.5 செ.மீ. விட்டமுள்ள தகர டப்பா ஒன்று, எஸ்.பி. ரோடு கடைகளில் வாங்கிய என்-டைப் சாக்கெட் (ஆன்டெனா கேபிளை மாட்டும் திருகு சாக்கெட்), வெளி ஆன்டெனா மாட்டும் இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை), இரண்டையும் இணைக்கக் குட்டி கேபிள்.

டப்பாவின் மூடிய பக்கத்திலிருந்து 5.8 செ.மீ. தள்ளிப் பக்கச் சுவரில் துளையிட்டு, 3.1 செ.மீ. செம்புக் கம்பியைச் சாக்கெட்டில் சால்டர் செய்து, கம்பி டப்பாவுக்குள் நீட்டும்படி மாட்டுங்கள். விட்டம் மாறினால் அந்த 5.8-உம் மாறும், கவனம். கம்பி செங்குத்தாக நிற்கட்டும். ரவுட்டர் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கும்.

அப்புறம் டப்பாவின் திறந்த வாயை ஒவ்வொரு திசையாக மெதுவாகத் திருப்பி, போர்டு காட்டும் சிக்னல் பலத்தைப் பாருங்கள். அதன் அளவு டிபிஎம். -70 டிபிஎம்மை விட -60 வலுவானது. சுவரில் பட்டுத் திரும்பும் அலை ஏமாற்றும். அதனால் மொட்டைமாடியின் இரண்டு மூலைகளிலிருந்தும் திசை குறித்து, கோடுகள் வெட்டும் இடத்தைப் பாருங்கள். கிட்டே போனால் எல்லாத் திசையும் பலமாகத் தெரியும். அப்போது சிக்னலைக் குறைக்கும் 20 டெசிபெல் அட்டென்யுவேட்டரைக் கேபிளுக்கும் போர்டுக்கும் நடுவே செருகி, சிக்னல் நேரடியாக நுழையாதபடி போர்டையும் தகரப் பெட்டிக்குள் மூடிவிடுங்கள்.