ஒப்பீட்டு வாக்கியக் கேள்விகள்: எதை எதோடு ஒப்பிடுகிறார்கள்?

'நரியின் வால் நாயைவிட நீளம்' என்றால் தமிழில் யாருக்கும் உறுத்தாது; நாயின் வாலைத்தான் சொல்கிறோம் என்று கேட்பவரே நிரப்பிக்கொள்வார். ஆங்கிலத் தேர்வில் அந்தச் சலுகை கிடையாது. 'தி டெயில் ஆஃப் எ ஃபாக்ஸ் இஸ் லாங்கர் தேன் எ டாக்' என்றால் வாலை முழு நாயோடு ஒப்பிட்டதாகவே கணக்கு. காது இதைப் பிடிக்காது என்பதால் கண்ணால்தான் தேட வேண்டும்.

தேன், அஸ், லைக், அன்லைக், கம்பேர்டு வித், சிமிலர் டு: இவற்றில் ஒன்று தென்பட்டால் உடனே நின்று, ஒப்பிடப்படும் இரண்டையும் ரஃப் தாளில் எழுதுங்கள். 'வால் – நாய்' என்று எழுதியதுமே குறை தெரிந்துவிடும்.

திருத்த இரண்டு வழிகள்: 'தேன் தட் ஆஃப் எ டாக்' அல்லது 'தேன் எ டாக்'ஸ்'. இரண்டையும் கலந்த 'தட் ஆஃப் எ டாக்'ஸ்' தவறு. விடைகளுக்கு நடுவே அதை வைத்து ஆசை காட்டுவார்கள். 'இட் ஆஃப்' என்பதும் ஆகாது. 'இட்' முன்பு சொன்ன அதே பொருளைச் சுட்டும். நமக்குத் தேவை அதே வகையில் வேறொன்று.

அதிகம் பேர் சறுக்குவது ஒருமை பன்மையில். 'தி பாப்புலேஷன் ஆஃப் தி ஐலண்ட்ஸ் இஸ் ஸ்மாலர் தேன் ___ ஆஃப் தி மெயின்லேண்ட்'. பக்கத்தில் 'ஐலண்ட்ஸ்' இருப்பதால் கை 'தோஸ்' பக்கம் போகும். திரும்ப வரவேண்டிய சொல் 'பாப்புலேஷன்', ஆகவே 'தட்'.

'அன்லைக்' வாக்கியத் தொடக்கத்தில் வந்தால் காற்புள்ளிக்கு அடுத்த எழுவாயைப் பாருங்கள். 'அன்லைக் ஃபிரெஞ்ச், தி கிராமர் ஆஃப் இங்கிலீஷ்...' என்பது மொழியை இலக்கணத்தோடு ஒப்பிடுகிறது. 'அன்லைக் ஃபிரெஞ்ச், இங்கிலீஷ்...' என்று தொடங்கும் விடையைத் தேடுங்கள்.

'ரவி ஹெல்ப்ஸ் மீனா மோர் தேன் கலா': உதவுவது கலாவா, உதவி பெறுவது கலாவா? 'தேன் கலா டஸ்' என்றால் முதல் பொருள். 'தேன் ஹீ ஹெல்ப்ஸ் கலா' என்றால் இரண்டாவது. துணைவினை காலத்துக்கு ஏற்ப மாறும்: 'ஹெல்ப்டு' என்றிருந்தால் 'டிட்'.

வடிவமும் ஒத்துப்போக வேண்டும்: 'ஸ்விம்மிங் இஸ் ஈசியர் தேன் டு ரன்' அல்ல, 'தேன் ரன்னிங்'. 'ஜூபிடர் இஸ் லார்ஜர் தேன் எனி பிளானட் இன் தி சோலார் சிஸ்டம்' என்பதில் வியாழனும் ஒரு கோள்தானே? தன்னைவிடத் தானே பெரிதாக முடியாது. 'எனி அதர் பிளானட்' வேண்டும்.

இதையெல்லாம் படித்தபின் வரும் வியாதி, எங்கும் 'தட் ஆஃப்' ஒட்டுவது. 'தி ஃபாக்ஸ் இஸ் ஃபாஸ்டர் தேன் தி டாக்' அப்படியே சரி, விலங்கோடு விலங்கு. அங்கே 'தட் ஆஃப்' போட்டால்தான் பிழை.

மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டின், 2023 நவம்பரில் அறிமுகமான வடிவத்தில் வாக்கியத் திருத்தப் பகுதியே இல்லை. ஆனாலும் வேறு தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் பழைய ஜிமேட் கேள்விகளைத் தாராளமாகப் போட்டுப் பார்க்கலாம். ஒப்பீட்டுப் பிழைகளை அவ்வளவு நுணுக்கமாக ஒளித்துவைத்த கேள்விகள் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.