அமெரிக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தகவல்களைப் பாதுகாப்பது எப்படி? பெற்றோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

பள்ளியில் சேர்க்கும்போது நாம் நிரப்பிக் கொடுத்த படிவங்களோடு பிள்ளையைப் பற்றிய விவரம் நின்றுவிடுவதில்லை. மதிப்பெண், வருகைப் பதிவு, ஒழுங்கு நடவடிக்கை, பள்ளி நர்ஸ் எழுதிவைத்த குறிப்பு, சிறப்புக் கல்விக்கான மதிப்பீடு என்று அது ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டே போகும். இவற்றைக் காக்க அமெரிக்காவில் 1974-லேயே கூட்டாட்சிச் சட்டம் வந்துவிட்டது. ஃபெர்பா (FERPA) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆனால் முக்கியமான ஓர் இடத்தில் இந்தச் சட்டம் பெற்றோரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறது. அதனால் எதை, எப்போது, எப்படிக் கேட்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: சட்டம் உங்கள் பள்ளிக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

மத்திய கல்வித் துறையின் நிதி பெறும் பள்ளிகளுக்கே ஃபெர்பா பொருந்தும். அரசுப் பள்ளி என்றால் சந்தேகமே வேண்டாம். தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவை அந்த நிதியை வாங்குவதில்லை. அங்கே சேர்க்கையின்போது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் மாநிலச் சட்டமும்தான் கைகொடுக்கும். நீங்கள் எந்த விசாவில் இருந்தாலும் பெற்றோர் என்ற உரிமை மாறாது.

படி 2: கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ‘டைரக்டரி இன்ஃபர்மேஷன்’ படிவத்தைத் தேடுங்கள்

ஒரே ஒரு படிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி, புகைப்படம், வகுப்பு, பெற்ற பரிசுகள் போன்றவற்றை ‘டைரக்டரி’ தகவல் என்று பள்ளி அறிவித்துக்கொள்ளலாம். அப்படி அறிவித்தவற்றை உங்களிடம் தனியாக அனுமதி கேட்காமல் வெளியாருக்குக் கொடுக்கலாம். வேண்டாம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் மட்டுமே கொடுக்கக் கூடாது. ஒரு குழந்தையின் பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் இந்தப் பட்டியலில் இடம்பெறலாம் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அனுமதி வாங்கிய பிறகு கொடுப்பதுதான் முறை. ஆனால் சட்டம் இன்று இப்படித்தான் இருக்கிறது.

பள்ளி இதைப் பற்றிப் பெற்றோருக்கு அறிவித்து, மறுப்புத் தெரிவிக்க நியாயமான அவகாசமும் தர வேண்டும். அறிவிப்பு பெரும்பாலும் மாணவர் கையேட்டின் நடுவிலோ, இணையப் பதிவுப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டமாகவோ இருக்கும். டிக் செய்வதற்கு முன் ஒரு விஷயம்: முழுவதுமாக மறுத்தால் ஆண்டு மலரிலும் பட்டமளிப்பு நிகழ்ச்சி நிரலிலும்கூடப் பிள்ளையின் பெயர் விடுபடலாம். சில பள்ளிகள் “ஆண்டு மலருக்குச் சரி, மற்றதற்கு வேண்டாம்” என்று பிரித்துச் சொல்ல இடம் தருகின்றன. கேட்டுப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளி என்றால் இன்னொன்றும் உண்டு: ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள் கேட்டால் மாணவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைப் பள்ளி கொடுக்க வேண்டும். அதையும் எழுத்தில் மறுக்கலாம்.

படி 3: பதிவுகளைப் பார்க்கக் கேளுங்கள்

வாய்மொழியாகக் கேட்காமல், முதல்வருக்கோ பதிவுகளைக் கவனிக்கும் அலுவலருக்கோ மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் மூன்று வரி போதும். சாரம் இதுதான்:

“ஃபெர்பா சட்டத்தின் கீழ், 34 சி.எஃப்.ஆர். 99.10 என்ற கூட்டாட்சி விதிப்படி, என் மகளின் கல்விப் பதிவுகள் அனைத்தையும் பார்வையிட விரும்புகிறேன். மதிப்பெண், வருகை, ஒழுங்கு, உடல்நலம், சிறப்புக் கல்வி தொடர்பான எல்லாக் கோப்புகளும் இதில் அடங்கும். இந்தப் பதிவுகள் யாருக்கெல்லாம் தரப்பட்டன என்ற குறிப்பேட்டையும் காட்டுங்கள்.”

அனுப்பிய தேதியைக் குறித்துவையுங்கள். பள்ளி 45 நாளுக்குள் காட்டியாக வேண்டும். மாநிலச் சட்டம் இதைவிடக் குறைந்த காலக்கெடு வைத்திருக்கவும் கூடும். உங்கள் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது அந்தப் பதிவுகளை அழிக்கக் கூடாது. தேடி எடுத்ததற்குக் கட்டணம் கேட்கக் கூடாது, நகலுக்குக் கேட்கலாம். ஓர் ஆசிரியர் தன் நினைவுக்காக எழுதி, யாரிடமும் காட்டாமல் வைத்திருக்கும் குறிப்புகள் இதில் வராது.

படி 4: தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்

தவறான அல்லது திசைதிருப்பும் பதிவைத் திருத்தக் கோரலாம். பள்ளி மறுத்தால் முறையான விசாரணை கேட்கலாம். அதிலும் தோற்றால் உங்கள் தரப்பை எழுதிக் கொடுங்கள்; அந்தப் பதிவு இருக்கும்வரை அதுவும் கூடவே இருக்க வேண்டும். ஆனால் “ஆசிரியர் பி போட்டார், ஏ போட்டிருக்க வேண்டும்” என்ற வாதத்துக்கு இந்த வழி உதவாது. மதிப்பெண் தவறாகப் பதிவாகியிருந்தால் மட்டும் உதவும்.

படி 5: செயலிகளின் பட்டியலை வாங்குங்கள்

செயலி தரும் நிறுவனம் போல, பள்ளிக்காக வேலை செய்யும் நிறுவனத்தையும் ‘பள்ளி அலுவலர்’ என்று கருதி, பெற்றோரின் அனுமதியின்றித் தகவலைத் தர ஃபெர்பா இடம் தருகிறது. அந்தத் தகவல் பள்ளியின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தகவலை இணையத்தில் திரட்டப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று சொல்லும் கோப்பா (COPPA) என்ற 1998-ம் ஆண்டுச் சட்டமும் உண்டு. பெற்றோருக்குப் பதிலாகப் பள்ளியே சம்மதம் தரலாம், ஆனால் கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும், விளம்பரத்துக்கு அல்ல. மாணவர் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது உள்ளிட்ட புகார்களுக்காக 2023-ல் எட்மோடோ என்ற கல்வித் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2024 டிசம்பரில், பள்ளிகள் மாணவர் பதிவுகளை வைத்திருக்கும் பவர்ஸ்கூல் மென்பொருளில் ஊடுருவல் நடந்தபோது, பள்ளியை விட்டுப் போன பழைய மாணவர்களின் விவரங்களும் சேர்ந்து திருடுபோயின.

ஆகவே பள்ளியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தெந்தச் செயலிகள் பயன்பாட்டில் இருக்கின்றன? ஒவ்வொன்றுக்கும் என்ன தகவல் போகிறது? பிள்ளை பள்ளியை விட்டுச் சென்ற பிறகு அது எப்போது அழிக்கப்படும்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரும்வரை விடாதீர்கள். நியூயார்க், இல்லினாய், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் இதற்கென்றே கூடுதல் சட்டங்கள் இருக்கின்றன.

படி 6: பள்ளி அசையவில்லை என்றால் புகார்

மீறலை அறிந்த 180 நாளுக்குள் கல்வித் துறையின் மாணவர் தனியுரிமைக் கொள்கை அலுவலகத்துக்கு எழுதுங்கள். படி 3-ல் குறித்துவைத்த தேதியும் மின்னஞ்சல்களும் இங்கேதான் வேலைக்கு வரும். ஃபெர்பாவை மீறியதற்காகத் தனிநபர் நேரடியாக வழக்குப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. எனவே இந்தப் புகாரையும் மாநிலச் சட்டத்தையும்தான் நம்ப வேண்டும்.

அப்புறம் ஒன்று. பிள்ளைக்கு 18 வயது ஆனதும், அல்லது அதற்கு முன்பே கல்லூரியில் சேர்ந்ததும், இந்த உரிமைகள் எல்லாம் பிள்ளையின் கைக்குப் போய்விடும். திருத்த வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால் பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் சேர்ந்து உட்கார்ந்து கோப்பைப் பார்த்துவிடுங்கள்.