மே மாதத்தைக் கடனின்றிக் கடக்க: சென்னைத் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னைத் தனியார் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் பலருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம் வருவதில்லை. சில பள்ளிகள் மே மாதத்துக்கு மட்டும் தருவதில்லை. சில பள்ளிகள் ஏப்ரலோடு சேர்த்து இரண்டு மாதங்களையும் விட்டுவிடுகின்றன. வீட்டு வாடகையும் பால் கணக்கும் விடுமுறை எடுப்பதில்லை. விடுமுறை முடிந்ததும் சொந்தப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஜூனில் வந்து நிற்கிறது. எனவே நம் வரவு செலவை மாதக் கணக்காகப் போடாமல், ஆண்டுக் கணக்காகப் போட வேண்டும்.

மாதச் சம்பளம் 16,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு (பி.எஃப்.), 15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 விழுக்காடாக 1,800 ரூபாயும், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடாக 120 ரூபாயும் போக, கைக்கு வருவது 14,080 ரூபாய். பத்து மாதத்துக்கு 1,40,800. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 11,733 ரூபாய் வருகிறது. நம் உண்மையான மாத வருமானம் அதுதான். 14,080-இல் மீதமுள்ள 2,347 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றே வங்கித் தொடர் வைப்பில் (ஆர்.டி.) போட்டு, ஏப்ரலில் முதிரும்படி காலத்தை அமைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்றிருந்தால் எதுவும் மிஞ்சாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. ஒரு மே மாதம் கம்மலை வட்டிக்கடையில் வைத்து, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கினேன். டிசம்பரில்தான் மீட்க முடிந்தது. வட்டி மட்டும் 2,800 ரூபாய் ஆகியிருந்தது. அப்போது உடன் பணியாற்றிய தமிழாசிரியை ஒருவர் தம் செலவு நோட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு மாதப் பக்கத்திலும், அரிசிக்கும் வாடகைக்கும் மேலே, முதல் வரியாக ‘மே’ என்று எழுதி எதிரே ஒரு தொகையைக் குறித்திருந்தார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

அடுத்து, சம்பளத்தில் பிடிக்கும் பணம் உரிய இடத்துக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இதில்தான் நாம் மிகுதியாக ஏமாறுகிறோம். நான் முன்பு பணியாற்றிய பள்ளியொன்றில் எட்டு மாதம் பி.எஃப். பிடித்தார்கள், பாஸ்புக்கைத் திறந்தபோது ஒரு மாதம்கூட வரவாகவில்லை. மத்திய அரசின் உமங் செயலியில், யூ.ஏ.என். எனப்படும் உங்கள் பி.எஃப். எண்ணைக் கொண்டு மாதந்தோறும் பாருங்கள். நிர்வாகம் தன் பங்காகச் செலுத்த வேண்டிய 12 விழுக்காட்டையும் நம் சம்பளத்திலேயே பிடிப்பது சட்டவிரோதம். சம்பளச் சீட்டு, நியமன ஆணை, வங்கி வரவுப் பதிவு ஆகியவற்றின் நகல்களை வீட்டில் வைத்திருந்தால், ராயப்பேட்டை பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கும்போது நம் பேச்சுக்கு ஆதாரம் இருக்கும். வேறு பள்ளிக்கு மாறும்போது பணத்தை எடுத்துவிடாமல், அதே யூ.ஏ.என். எண்ணின் கீழ் புதிய பள்ளியின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்தாண்டுப் பணிக்காலம் அப்படித்தான் சேரும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.யைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். பிடித்தம் செய்யப்பட்டும் அட்டையை வாங்காமலே இருக்கும் ஆசிரியர்கள் பலர். அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் நமக்கு மட்டுமின்றி, குடும்பத்தாருக்கும் நம்மைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. வரிசையில் காத்திருக்க நேரும் என்பது உண்மைதான். ஆனாலும் வெளியே செய்துகொள்ளும் ஒரே ஒரு அறுவை சிகிச்சையின் செலவு நம் இரண்டாண்டுச் சேமிப்பைக் கரைத்துவிடும்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஆசிரியர்களுக்குக் கிடையாது என்று சொல்லும் நிர்வாகங்கள் இன்றும் உள்ளன. பணிக்கொடைச் சட்டத்தின் 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டது. உச்ச நீதிமன்றமும் 2022-இல் அதை உறுதி செய்தது. கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, பதினைந்தால் பெருக்கி, இருபத்தாறால் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 16,000 ரூபாயாக இருந்து, பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றியிருந்தால் ஏறத்தாழ 1,10,769 ரூபாய் கிடைக்கும். பணித் தொடர்ச்சியை அறுத்து இதைத் தவிர்ப்பதற்காகவே ஏப்ரலில் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கி, ஜூனில் புதிதாகச் சேர்ப்பது போல் காட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள். தனியாக மறுப்பது கடினமென்றால் ஆசிரியர் அறையிலுள்ள அனைவரும் சேர்ந்து மறுக்கலாம், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள தொழிலாளர் துறையிடமும் வழி கேட்கலாம்.

செலவில் முதலில் பார்க்க வேண்டியது வாடகை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. வீடு பார்க்கும்போது தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே நேராகக் கிடைக்கும். பெண் ஆசிரியர்கள் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் கட்டணமின்றிச் செல்லலாம். அதற்காகப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவது பயனுள்ளதே.

கடன் வாங்கியே தீர வேண்டிய நிலை வந்தால், கைப்பேசிக் கடன் செயலிகளையும் மீட்டர் வட்டியையும் நாடாமல், கூட்டுறவு வங்கியின் நகைக்கடனை முதலில் கேளுங்கள். தினவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைத் தமிழ்நாடு 2003-இலேயே தடை செய்திருக்கிறது. சீட்டுப் போடுவதானால் பதிவு செய்யப்பட்ட சீட்டா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

டியூஷன் எடுப்பவர்கள் அந்த வருமானத்தை வீட்டுச் செலவோடு கலக்காமல், ஜூன் மாதக் கட்டணத்துக்கென்று தனிக் கணக்கில் வைப்பது நல்லது. தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். அந்த வரவும் மார்ச்சோடு முடிந்துவிடும்.