ஏர் ரைபிளில் விழுந்துபோன முன்குறி: புதிதாகச் செய்து பொருத்துவது

ஸ்பிரிங் ஏர் ரைபிளில் முன்குறி (குழல் நுனியில் குறிபார்க்க நிற்கும் சிறு துண்டு) கழன்று விழுவது புதிதல்ல. சுட்டதும் துப்பாக்கி முதலில் பின்னுக்கு உதைக்கும்; பிஸ்டன் போய் முட்டியதும் முன்னுக்கு இழுக்கும். இந்த ஆட்டத்தில், டவ்டெயில் காடிக்குள் (மேலே குறுகி அடியில் அகலும் பள்ளம்) லேசாகத் தளர்ந்த துண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஒருநாள் காணாமல் போய்விடும். கடலூர் முதுநகர், புதுச்சேரி கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் வைத்திருந்தால், துரு காடியின் விளிம்பைத் தின்று பிடியை இன்னும் குறைக்கும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடலாம். 0.177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ.) மிகாத குழலும், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை, அதில் நீங்களே கைவைக்கலாம். இதே வேலையைக் கரிமருந்து (பழைய வகை வெடிமருந்து) ரிவால்வரில் செய்ய நினைத்தால், அது அப்படியல்ல. அது 1959 ஆயுதச் சட்டத்தின்கீழ் வருவது. பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். அதைத் தட்டாஞ்சாவடி லேத் பட்டறைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

புதிய குறியைப் பித்தளையில் செய்யப்போகிறோம், ஆனால் உயரம் தெரியாமல் பித்தளையை வெட்டக் கூடாது. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். ரைபிளில் பெல்லட் இல்லை, ஸ்பிரிங் ஏறியிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, காடியை மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் போட்டுத் துடையுங்கள். பின்குறியை (கண்ணுக்கு அருகில் பள்ளத்தோடு இருப்பது) அதன் ஏற்ற இறக்கத்தின் நடுவில் நிறுத்துங்கள். ஒரு தீக்குச்சியைக் காடியின் நடுவில் செங்குத்தாக சூப்பர் க்ளூவால் ஒட்டுங்கள். வேண்டியதைவிட உயரமாகவே இருக்கட்டும். மணல் மூட்டையில் ரைபிளைச் சாய்த்து, 10 மீட்டரில் ஐந்து பெல்லட் சுடுங்கள். குண்டு கீழே விழுந்தால் குச்சி உயரம் அதிகம், மேலே போனால் குட்டை. இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு இன்னும் உயர்த்திவிடுபவர்கள் உண்டு.

எவ்வளவு குறைப்பது? இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அது 500 மி.மீ. என்றால், 10 மீட்டரில் முன்குறியின் 1 மி.மீ. இலக்கு அட்டையில் 20 மி.மீ. ஆகிறது. குண்டுகள் 36 மி.மீ. கீழே விழுந்தால் 1.8 மி.மீ. குறைக்க வேண்டும். பிளேடால் நறுக்கி, மறுபடி சுட்டுச் சரிபார்த்த பின் காடியின் தரையிலிருந்து குச்சி நுனி வரை வெர்னியரால் அளந்து எழுதி வையுங்கள்.

இனி பித்தளை. அரத்துக்கு எளிதில் இணங்கும், துருவும் பிடிக்காது. காடியின் மேல் அகலம், அடி அகலம், ஆழம் மூன்றையும் அளந்து, துண்டின் அடியைக் காடியைவிட 0.1 மி.மீ. பெரிதாக விட்டு அறுக்கவும். குறியின் உயரத்திலும் அரை மி.மீ. கூடுதல் இருக்கட்டும். பிறகு முக்கோண அரத்தால் ராவிக்கொண்டே பொருத்திப் பாருங்கள். ராவுவது எப்போதும் துண்டைத்தான், காடியை அல்ல. துண்டு கெட்டால் இன்னொன்று செய்யலாம், குழல் கெட்டால் குழல்தான் போகும். கட்டைவிரல் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகிறதா, போதும். மிச்சத்தைப் பித்தளைப் பஞ்ச் வைத்துத் தட்டுங்கள். சுடுபவரின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகத் தட்டி ஏற்றுவது வழக்கம். வைஸில் குழலை நேரடியாகப் பிடிக்காமல், இரண்டு பக்கமும் தேக்குத் துண்டோ தடித்த தோலோ வையுங்கள்.

குறியின் அகலம் 2 மி.மீ. அளவில் தொடங்கி, பின்குறியின் பள்ளத்துக்குள் இரு புறமும் மெல்லிய வெளிச்சக் கோடு தெரியும் வரை ராவ வேண்டும். கோடே தெரியாவிட்டால் நடு எது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

அளவு தவறித் தளர்ந்துவிட்டால் எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள், உதையில் விரிசல் விடும். துண்டின் அடியில் சென்டர் பஞ்சால் நாலைந்து புள்ளி குத்தினால் உலோகம் மேலெழும்பிப் பிடிக்கும். கூடவே ஒரு சொட்டு லாக்டைட் 243 (திருகு தளராமல் பிடிக்கும் பசை). பற்றவைப்பு என்று யாராவது வெல்டிங் சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள், அந்தச் சூட்டில் குழலின் கருநீலப் பூச்சு போய்விடும்.

பக்கவாட்டைத் திருத்த, குண்டு போன பக்கமே முன்குறியைத் தட்டுங்கள். வலது பக்கம் விழுந்தால் வலப்புறம். பின்குறிக்கு இது நேர்மாறு. கடைசியாக, விட்டுவைத்த அரை மி.மீ.ஐச் சுட்டுச் சுட்டுக் குறையுங்கள்.

வெயிலில் பித்தளை பளபளத்துக் கண்ணை ஏமாற்றும். கற்பூரம் ஏற்றி அதன் புகையில் குறியை ஒரு நொடி காட்டினால் மங்கலான கருப்பு படியும். விரல் பட்டால் அழிந்துவிடும் என்பதால் சுடுவதற்குச் சற்று முன் செய்யுங்கள். உப்பு ஈரத்தில் பித்தளையைத் தொட்டிருக்கும் இரும்பு சீக்கிரம் அரிக்கும். ஆகவே இணைப்பில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். குழலுக்குள்ளும் எண்ணெய் போகக் கூடாது.

எல்லாம் சரியானதும் துண்டுக்கும் குழலுக்கும் குறுக்கே ஊசியால் ஒரு மெல்லிய கோடு கீறுங்கள். ஐம்பது பெல்லட் சுட்ட பிறகு பாருங்கள்: கோடு பிசகியிருந்தால் துண்டைக் கழற்றிப் புள்ளி குத்தி மறுபடி ஏற்ற வேண்டும்.