அஸ்டாக்சாந்தினை உணவிலிருந்து பெறும் முறை

சந்தையில் சாம்பல் நிறமாக இருக்கும் இறால் அடுப்பில் ஏறியதும் செந்நிறமாவதற்குக் காரணம் அஸ்டாக்சாந்தின் என்னும் நிறமியாகும். உயிருள்ள இறாலிலும் நண்டிலும் சிங்கி இறாலிலும் இது ஒரு புரதத்தோடு பிணைந்து நீலச் சாயலில் ஒளிந்திருக்கிறது; வெப்பத்தில் அப்புரதம் சிதைந்தவுடன் நிறமி விடுபட்டுத் தன் இயல்பான சிவப்பைக் காட்டுகிறது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் இது மனித உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறுவதில்லை. ஆக்சிஜனேற்றத்தால் செல்களுக்கு நேரும் சேதத்தைத் தடுக்கும் ஆற்றலுக்காகவே இது பேசப்படுகிறது.

நாள்தோறும் 4 முதல் 12 மில்லிகிராம் வரை சில வாரங்கள் கொடுத்து நடத்தப்பட்ட ஆய்வுகள் சிலவற்றில் தோலின் ஈரப்பதமும் நெகிழ்ச்சியும் மேம்பட்டதாகவும், கண் சோர்வு குறைந்ததாகவும் முடிவுகள் வந்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை குறைந்த எண்ணிக்கையிலானவர்களிடம் செய்யப்பட்டவை என்பதால், நீரிழிவுக்கோ இதய நோய்க்கோ இதை மருந்தாகக் கருதி, உட்கொண்டுவரும் மாத்திரைகளை நிறுத்துவது பெருந்தவறு.

உணவில் இதன் சிறந்த மூலம் பசிபிக் பெருங்கடலின் சாக்கை (sockeye) சால்மன் என்னும் மீன் ஆகும். அதன் 100 கிராம் சதையில் ஏறக்குறைய 3 மில்லிகிராம் கிடைக்கும். பண்ணையில் வளரும் அட்லாண்டிக் சால்மனில் பெரும்பாலும் 1 மில்லிகிராமுக்கும் குறைவு, அதுவும் தீவனத்தில் கலக்கப்படுவதால் வருவது. நம் கடைகளில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கப்படும் காலா மீன் வேறு இனம். அதன் சதை வெள்ளை. நல்ல மீன்தான், ஆனால் இந்த நிறமிக்காக அதை வாங்குவதில் பொருளில்லை.

இறாலில் இந்நிறமி சதையைவிட ஓட்டிலும் தலையிலும்தான் மிகுதி. அவற்றையே நாம் குப்பையில் போடுகிறோம். அன்று வாங்கிய, நாற்றமில்லாத இறாலின் தலைகளையும் ஓடுகளையும் எடுத்து, முள்ளும் மீசையும் நறுக்கி, நன்றாகக் கழுவி நீரை வடித்துக்கொள்ள வேண்டும். அகன்ற சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, அது இளஞ்சூடானதும் இவற்றைப் போட்டு, சிறு தீயில் கிளறியபடியே கரண்டியின் முதுகால் தலைகளை அழுத்திவர, எண்ணெய் சிறிது சிறிதாக ஆரஞ்சு நிறம் ஏறுவதைக் காணலாம். நிறமி கொழுப்பில் கரைவது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை. ஓடுகள் முழுவதும் சிவந்து மணம் எழுந்ததும் இறக்கி வடிகட்டிவிட வேண்டும். தீயைக் கூட்டி நெடுநேரம் பொரித்தால் நிறமி சிதையும். அந்த எண்ணெயிலேயே சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி இறால் தொக்குச் செய்யலாம். உடலும் இந்நிறமியைக் கொழுப்போடு சேர்ந்தே ஏற்றுக்கொள்கிறது என்பதால், எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேராத சமையலில் பயன் குறைவு.

இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் இம்முறையை அறவே தவிர்க்க வேண்டும். யூரிக் அமிலம் மிகுந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கடல் உணவு உண்ணாதோர்க்கு மாத்திரை வழி உண்டு. விலங்குகள் பொதுவாக இந்நிறமியைத் தாமே உண்டாக்குவதில்லை. நுண்பாசிகளில் தோன்றி, அவற்றை உண்ணும் சிற்றுயிர்கள் வழியாகவே மீன்களுக்குச் செல்கிறது. சந்தையில் உள்ள இயற்கை வகை மாத்திரைகளில் பெரும்பாலானவை ஹீமாட்டோகாக்கஸ் என்ற பாசியிலிருந்து எடுக்கப்படுபவை. வாங்கும்போது மூலம் எது என்பதையும், ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்பதையும் சீட்டில் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் கருத்துத் தெரிவித்தது. வெறும் வயிற்றில் விழுங்காமல் உணவுக்குப் பின் எடுத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோரும் மருத்துவர் அனுமதியின்றித் தொடங்கலாகாது. சைவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: உள்ளிருப்பது பாசிச் சத்தாயினும், மென்மையான மேலுறை பல நிறுவனங்களில் விலங்கு ஜெலட்டினால் செய்யப்படுகிறது.