எல்லாப் பெயரும் பிரெஞ்சுப் பெயர் இல்லை

சேலம் சின்னக்கடை வீதியில், வளையலும் ரிப்பனும் முகப்பவுடரும் விற்கும் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் சென்ற வாரம் நின்றிருந்தேன். கல்லூரி மாணவி ஒருத்தி வந்து, “அண்ணா, லக்மே கண்மை இருக்கிறதா?” என்று கேட்டாள். “லாக்மி தான் இருக்கிறது, பாப்பா” என்றார் கடைக்காரர், ஏதோ வேறு சரக்கைச் சொல்வதுபோல. ஒரு நொடி தயங்கியவள், “சரி, லாக்மியே கொடுங்கள்” என்று வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் முதலில் சொன்னதுதான் சரி. நம் லட்சுமிதான் பிரெஞ்சுக்காரர் வாயில் லக்மே ஆனாள். அந்தப் பெயரில் 1883-இல் பாரிஸில் ஓர் இசை நாடகம் மேடையேறியது. 1952-இல் டாடா குழுமம் அழகுப் பொருள் நிறுவனம் தொடங்கியபோது அதே பெயரைச் சூட்டியது. ஆங்கில எழுத்தில் இருக்கும் அந்தப் பெயரில், கடைசி எழுத்தின் தலைமேல் சாய்ந்திருக்கும் சிறு கோட்டைக் கவனிக்காததால் பிறந்தது லாக்மி. அந்தக் கோடு இருந்தால் ‘ஏ’ என்று ஒலிக்க வேண்டும். 1909-இல் தலைமுடிச் சாயம் விற்கத் தொடங்கிய லொரேயால் நிறுவனத்தின் பெயரிலும் இதே கோடு உண்டு. அதைத் தவறவிட்டுத்தான் லோரியல் என்கிறோம்.

இன்னொரு தவறு, கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் செய்வது. பிரெஞ்சுச் சொற்கள் பலவற்றில் கடைசி மெய்யெழுத்து ஒலிக்காது. கார்னியர் அங்கே கார்னியே. இதை ஒருமுறை கேட்டுவிட்டவர்கள் கண்ணில் படும் பெயருக்கெல்லாம் வாலை நறுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தெரியாமல் சொல்வதைவிட இது மோசம் என்பேன், ஏனென்றால் நானே செய்திருக்கிறேன். அஸ்தம்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்பில், யாரோ பூசியிருந்த வாசனைத் திரவியத்தைப் பார்த்து “எர்மே தானே?” என்று கேட்டேன். புதுச்சேரியில் வளர்ந்த என் சித்தி, “எஸ்ஸை எங்கேயடா விட்டுவிட்டு வந்தாய்?” என்றார். அது எர்மெஸ். முதலில் நிற்கும் ‘எச்’ தான் ஊமை, கடைசி ‘எஸ்’ நன்றாகவே பேசும்.

பெயர் எந்த நாட்டுக்காரருடையது என்று முதலில் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஜெர்மானியர்கள் எழுதிய எழுத்தை அவ்வளவாக வீணடிப்பதில்லை. பியூட்டி பார்லர்களில் நாக்கைச் சுளுக்கவைக்கும் ஷ்வார்ட்ஸ்கொப்ஃப், 1898-இல் பெர்லினில் கடை திறந்தவரின் குடும்பப் பெயர். கறுந்தலை என்று பொருள். டப்பாவில் இருக்கும் கறுப்புத் தலையின் நிழலுருவம் அதுதான். இதில் எந்த எழுத்தையும் விழுங்கக் கூடாது. பனி வெண்மையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த நிவியா, ஜெர்மனியில் நிவேயா. 1872-இல் டோக்கியோவில் மருந்துக்கடையாகத் தொடங்கிய ஷிசேடோவை, ஆங்கில எழுத்தைப் பார்த்து ஷிசைடோ என்று சொல்பவர்கள் உண்டு. சே, டோ இரண்டும் நெடில். குறில், நெடில் பிரித்துப் பழகிய நமக்கு ஜப்பானியப் பெயர் எளிதாகவே வர வேண்டும்.

தமிழர்களுக்கு வாய்த்த ஒரு பொறியும் இருக்கிறது. பிரெஞ்சுப் பெயரான ஜிவான்ஷியின் முதல் ஒலியைக் காட்ட, ஆங்கில உச்சரிப்புக் குறிப்புகளில் ‘இசட், எச்’ என்று இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் போடுவார்கள். வாழப்பாடி என்று பஸ்ஸில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படித்து வளர்ந்த கண்ணுக்கு அது ‘ழ’ தான். ‘ழிவான்ஷி’ என்று ஒருவர் முழு நம்பிக்கையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். டெலிவிஷன் என்று ஆங்கிலேயர் சொல்லும்போது நடுவில் ஓர் அதிர்வு வருமே, அந்த ஒலி அது. தமிழில் அதற்கு எழுத்தில்லை. ஜகரத்தை மென்மையாக இழுத்துச் சொன்னால் போதும்.

ஆனால் கடையில் நிற்பவரைத் திருத்தப் போகாதீர்கள். சேர்வராயன் மலையை ஷெவராய் என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர்களை யாரும் திருத்தவில்லை. அது இன்றும் ஆங்கில வரைபடத்தில் அப்படியே இருக்கிறது. அந்தப் பெண் போன பிறகு நானும் வாய் கூசாமல் லாக்மி என்றே கேட்டேன். கடைக்காரர் சட்டென்று எடுத்துக் கொடுத்தார்.